பிள்ளைக்கு விலங்கு வகைப்பாடு சொல்லித்தரப் போகிறீர்களா? இந்த வரிசையில் போங்கள்

என் மகளுக்கு ஒன்பது வயதாகும்போது விலங்குகளின் வகைப்பாடு பாடமாக வந்தது. நான் செய்த முதல் காரியம், உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று ஏழு படிகளையும் உருப்போட வைத்ததுதான். மூன்று வாரம் பிடித்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தட்டாமல் சொல்வாள். அப்புறம் ஒருநாள், "அம்மா, வௌவால் இதுல எங்க வரும்?" என்று கேட்டாள். "நீயே சொல்லேன்" என்றேன். "பறக்குதுல்ல, பறவைதானே?" என்றாள். மூன்று வார உழைப்பும் அங்கேயே தெரிந்துவிட்டது.

அதைவிட மோசம், சிலந்தி ஒரு பூச்சி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். 'எட்டுக்கால் பூச்சி' என்று பெயரே இருக்கிறதே என்ற தைரியம். அதையே தேர்வில் எழுதி, சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறியோடு வந்தாள்.

பிறகு எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளையோடு உட்காரப் போகிறவர்கள் நான் போன சுற்று வழியில் போக வேண்டாம் என்பதற்காக, கடைசியில் எங்களுக்குச் சரிப்பட்ட வரிசையை எழுதுகிறேன். கடைசிப் படியில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னதுதான் என் தவறு. பெயர்கள் கடைசியில் வரட்டும். உடம்பைப் பார்க்கும் பழக்கம் முதலில் வர வேண்டும்.

தொடங்குமுன்: தயாராக இருக்க வேண்டியவை

நாற்பது அட்டைகள் வேண்டும். பழைய காலண்டரின் பின்பக்கத்தை வெட்டினாலும் போதும். அட்டைக்கு ஒரு விலங்கு. படம் ஒட்டலாம், பிள்ளையே வரையலாம். வரைந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் வரையும்போதுதான் "இதுக்கு எத்தனை கால்?" என்ற கேள்வி தானாக எழும்.

ஒரு நோட்டுப்புத்தகம். அதில் நான்கு பத்தி: பெயர், உடம்பில் பார்த்தது, எந்தக் கூட்டம், ஏன். கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். 'ஏன்' எழுதாத பக்கம் ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாது. பிள்ளை எங்கே தடுமாறியது என்பது உங்களுக்கே மறந்திருக்கும்.

ஒரு சின்ன லென்ஸ், மூடியுள்ள கண்ணாடி டப்பா ஒன்று. இவ்வளவுதான். அச்சிட்ட பெரிய வரைபடங்கள், பொம்மைத் தொகுப்புகள் எதுவும் அவசியமில்லை. பொம்மைகளில் கால் எண்ணிக்கையே தப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நேரம்: ஒரு தடவைக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு மூன்று தடவை. எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இதை எடுக்காதீர்கள். அப்போது பாடப்புத்தகத்தை ஒரு தரம் படிக்கவைத்துவிட்டு, விடுமுறையில் இங்கே வாருங்கள்.

எந்த நாற்பது விலங்குகள் என்பதில்தான் பலரும் சறுக்குவார்கள். சிங்கம், புலி, யானை, குதிரை, மான் என்று எழுதிக்கொண்டே போனால் நாற்பதும் பாலூட்டியாகவே முடிந்துவிடும். இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்கள் சுமார் 15 லட்சம். அதில் சுமார் 10 லட்சம் பூச்சிகள். பாலூட்டிகள் ஆறாயிரத்துச் சொச்சம்தான். அந்த விகிதப்படி அட்டை போட்டால் நாற்பதில் இருபத்தாறு பூச்சிக்கே போய்விடும், பாலூட்டிக்கு அரை அட்டைகூடத் தேறாது. அந்த அளவுக்குப் போக வேண்டாம். முதுகெலும்புள்ளவை இருபது, இல்லாதவை இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள். வௌவால், திமிங்கிலம், பென்குயின், ஆமை, தவளை, கடல்குதிரை, சிலந்தி, நத்தை, மண்புழு, கம்பளிப்புழு, நண்டு, நட்சத்திர மீன் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். பாடத்தை உண்மையில் சொல்லித்தரப் போகிறவை இவைதான்.

முதல் நாளே தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு சொல் சிக்கலும் உண்டு. பேச்சில் 'விலங்கு' என்றால் நான்கு கால் மிருகம். பாடத்தில் எறும்பும் விலங்கு, மீனும் விலங்கு, பவளமும் விலங்கு, நாமும் விலங்கு. இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் பிள்ளை எறும்பு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "இது விலங்கே இல்லையே" என்று நிற்கும்.

1. பிள்ளை தன் இஷ்டத்துக்குப் பிரிக்கட்டும்

அட்டைகளைத் தரையில் பரப்பி, "ஒண்ணா இருக்க வேண்டியதை ஒண்ணா வை" என்று மட்டும் சொல்லுங்கள். தண்ணீர், நிலம், ஆகாயம் என்று மூன்று குவியல் வரும். அல்லது கடிப்பவை, கடிக்காதவை. திருத்த வேண்டாம். கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

பிரித்து முடித்ததும் தவளையைக் காட்டி எந்தக் குவியல் என்று கேளுங்கள். அப்புறம் பென்குயின். இரண்டு கேள்வியிலேயே குவியல்கள் கலைய ஆரம்பிக்கும். பிறகு தண்ணீர்க் குவியலை எடுத்து, சுறா, திமிங்கிலம், நண்டு, நட்சத்திர மீன் நான்கையும் பக்கத்தில் வைத்து, தண்ணீரைத் தவிர இவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

என் மகளிடம் நான் சொன்னது இது: ஒரே பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்களா? இல்லை. கடலும் அப்படித்தான், பல குடும்பங்கள் ஏறியிருக்கும் பஸ். நாம் தேடுவது சொந்தத்தை. சொந்தம் எங்கே இருக்கிறது என்பதில் தெரியாது, உடம்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதில் தெரியும்.

இந்தப் படிக்கு ஒரு நாள் போதும்.

2. முதுகெலும்பு இருக்கிறதா?

முதல் பெரிய கேள்வி இது. பிள்ளையைக் குனியச் சொல்லி, கழுத்திலிருந்து கீழே அதன் விரலையே ஓட்டச் சொல்லுங்கள். மேடு மேடாகத் தட்டுப்படும். பூனையோ நாயோ பழகியதாக இருந்தால் அதன் முதுகிலும் தடவிப் பார்க்கலாம். ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் கழுத்தெலும்பு ஏழுதான், அதற்கு ஒவ்வொன்றும் நீளம், அவ்வளவே. இதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே தங்கள் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள்.

அட்டைகள் இரண்டு குவியலாகட்டும். எதிர்பார்க்க வேண்டிய தவறுகள்:

பாம்பு வளைகிறது, அதனால் எலும்பு இல்லை என்பார்கள். பாம்புக்கு முதுகெலும்புத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அத்தனை இருப்பதால்தான் அப்படி வளைய முடிகிறது.

ஆமையையும் நத்தையையும் சேர்த்து வைப்பார்கள், இரண்டுக்கும் ஓடு. ஆமையின் ஓடு அதன் விலா எலும்போடும் முதுகெலும்போடும் ஒன்றாக இணைந்தது. படக்கதையில் வருவதுபோல் ஆமை ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு நடக்க முடியாது. நத்தையின் உள்ளே எலும்பே கிடையாது.

நண்டு கெட்டியாக இருக்கிறதே என்பார்கள். கெட்டி வெளியே இருந்தால் அது எலும்பு அல்ல, கவசம். கணவாயின் உள்ளே ஒரு வெள்ளைத் தகடு இருக்கும். அதுவும் முதுகெலும்பு அல்ல.

3. முதுகெலும்புள்ளவை: ஐந்து கூட்டம், ஒரே கேள்வி வரிசை

மீன்கள், இருவாழ்விகள், ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள். ஐந்து பெயர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெரியாதது, எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பது. புத்தகங்கள் மீனிலிருந்து தொடங்கும். நீங்கள் பறவையிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் சந்தேகமே வராத அடையாளம் அங்கேதான் இருக்கிறது.

முதல் கேள்வி: இறகு இருக்கிறதா? இருந்தால் பறவை, அட்டையைக் கீழே வைத்துவிடலாம். இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் பறவையைத் தவிர வேறு எதற்கும் இறகு கிடையாது. பென்குயின் பறக்காது, நீந்தும். ஆனால் உடம்பெல்லாம் இறகு. முடிந்தது. வௌவாலின் சிறகைப் படத்தில் உற்றுப் பாருங்கள். நீண்ட விரல்களுக்கு நடுவே குடைத்துணி மாதிரி தோல். இறகு ஒன்றுகூட இல்லை. 'சிறகு', 'இறகு' என்ற சொற்களை இங்கே கறாராகப் பிரித்துப் பயன்படுத்துங்கள். பேச்சில் இரண்டையும் கலந்துவிடுகிறோம், பிள்ளையும் கலந்துவிடும்.

இரண்டாவது: குட்டிக்குப் பால் கொடுக்கிறதா, உடம்பில் முடி உண்டா? இருந்தால் பாலூட்டி. திமிங்கிலம் இந்தக் கேள்வியில் இந்தப் பக்கம் வந்துவிடும். இன்னும் சந்தேகம் இருந்தால் வாலைப் பாருங்கள். மீனின் வால் நிமிர்ந்து நிற்கும், இடம் வலமாக அசையும். திமிங்கிலத்தின் வால் படுத்திருக்கும், மேலும் கீழுமாக அடிக்கும். வகைப்பாட்டின் தந்தை என்று சொல்லப்படும் லின்னேயஸே 1735இல் திமிங்கிலத்தை மீனோடுதான் வைத்தார், 1758இல்தான் பாலூட்டிக்கு மாற்றினார். பிள்ளை தப்பாக வைத்தால் கோபப்படுமுன் அந்த இருபத்துமூன்று வருடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: செவுளும் துடுப்பும் வாழ்நாள் முழுக்க உண்டா? மீன். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். செவுள் மட்டும் கேட்டால் ஆக்சலாட்டல் என்ற இருவாழ்வி மாட்டிக்கொள்ளும். அது பெரிதானாலும் செவுளோடேயே இருக்கும், ஆனால் அதற்குக் கால்கள் உண்டு. செதில் என்று கேட்டாலும் வேலைக்கு ஆகாது, கெளுத்தி மீனுக்குச் செதில் கிடையாது.

நான்காவது: செதில் இல்லாத, ஈரமான தோலா? இருவாழ்வி. ஐந்தாவது: உலர்ந்த, செதில் மூடிய தோலா? ஊர்வன. சுவரில் இருக்கும் பல்லியை லென்ஸ் வழியாகப் பாருங்கள், சின்னச் சின்ன மணி கோத்தமாதிரி செதில் தெரியும்.

இப்போது பொறிகள். இந்தப் படிக்கு இரண்டு வாரம் ஒதுக்கச் சொல்வது இவற்றுக்காகத்தான்.

முதல் பொறி, கூட்டத்தின் பெயரே. 'இருவாழ்வி' அல்லது 'நீர்நில வாழ்வன' என்று கேட்டதும் முதலையும் ஆமையும் அங்கே போய்விடும். நீரிலும் இருக்கிறது, நிலத்திலும் இருக்கிறது, சரிதானே? தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலைக் குட்டி முட்டையிலிருந்து வந்த நிமிடமே நுரையீரலால் மூச்சு விடுகிறது. தவளைக்குஞ்சு, அதாவது தலைப்பிரட்டை, செவுளோடு ஆரம்பித்து உடம்பையே மாற்றிக்கொள்கிறது. 'இரு' என்பது இரண்டு இடம் என்பதைவிட இரண்டு பருவ வாழ்வு என்று சொன்னால் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

'ஊர்வன' இன்னொரு வம்பு. என் மகள் எறும்பை ஊர்வனவில் வைத்தாள். ஏன் என்ற பத்தியில், "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்று எழுதியிருந்தாள். என்ன சொல்வது! ஊர்ந்து போகிற எல்லாம் ஊர்வன அல்ல என்று விளக்க வேண்டியதாயிற்று. எறும்பும் நத்தையும் மண்புழுவும் இரண்டாம் படியிலேயே மறுபக்கம் போய்விட்டவை. படிகளைத் தாண்டக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

அடுத்து முட்டை. முட்டை போடுமா என்ற கேள்வியை அடித்துவிடுங்கள். மீன் போடும், தவளை போடும், பல்லி போடும், பறவை போடும். பிளாட்டிபஸ் என்ற பாலூட்டியும் போடும். முட்டையிலிருந்து வந்த குட்டிக்குத் தோலிலிருந்து கசியும் பாலைக் கொடுக்கும். இந்தப் பக்கம் பார்த்தால் சில பாம்புகளும் சில சுறாக்களும் குட்டி போடும். இவ்வளவு குழப்பும் அடையாளம் நமக்கு எதற்கு?

செதிலும் தனியாக நம்பத்தக்கதல்ல. அலங்கு என்கிற எறும்புத்தின்னியின் உடம்பெல்லாம் செதில். ஆனால் வயிற்றுப் பக்கம் முடி, குட்டிக்குப் பால். அந்தச் செதில் நம் நகம் ஆன அதே பொருளால் ஆனது.

'குளிர் இரத்தம், வெப்ப இரத்தம்' என்பதைச் சின்னப் பிள்ளைகளிடம் எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. வெயில் காய்ந்த ஓணானின் இரத்தம் சூடாகத்தான் இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்த பிள்ளையிடம் நீங்கள் தோற்றுப்போவீர்கள்.

4. முதுகெலும்பில்லாதவை: காலை எண்ணுங்கள்

இங்கேதான் உயிருள்ளதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், கடைசி வரை பிள்ளைக்கு மறக்காது. நாங்கள் ஒரு வீட்டுச் சிலந்தியைக் கண்ணாடி டப்பாவுக்குள் விட்டு, மூடி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, அடிப்பக்கம் முழுசாகத் தெரிந்தது. மகள் எண்ணினாள்: பத்து. நான் எண்ணினேன்: பத்து. எட்டுக்கால் என்று சொல்லிவிட்டுப் பத்தா என்று இருவரும் முழித்தோம். லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் முன்னால் இருந்த குட்டை ஜோடி தரையில் ஊன்றவே இல்லை, வாய்ப் பக்கம் தடவிக்கொண்டே இருந்தது தெரிந்தது. அது கால் அல்ல, வாயருகே இருக்கும் உணர்உறுப்பு. நடக்கும் கால் எட்டுதான்.

கால்களில் கணு இருந்தால் அது கணுக்காலி. அதற்குள் இப்படிப் பிரியும்:

ஆறு கால், உடம்பு தலை, மார்பு, வயிறு என மூன்று பாகம், தலையில் இரண்டு உணர்கொம்பு. இது பூச்சி. இறக்கையைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஈக்கு இரண்டு, தும்பிக்கு நான்கு, வேலைக்கார எறும்புக்கு ஒன்றுமே இல்லை.

எட்டுக் கால், உடம்பு இரண்டு பாகம், உணர்கொம்பு கிடையாது. சிலந்தி. தேளும் எட்டுக் கால்தான், அதே கூட்டம், ஆனால் அதன் உடம்பு நீளமாகத் துண்டு துண்டாக இருக்கும்.

இடுக்கியையும் சேர்த்துப் பத்துக் கால் நண்டு. இறாலும் அந்தப் பக்கம்தான். இறாலுக்கு வயிற்றுக்கடியில் நீந்துவதற்கென்று இன்னும் பல இணைப்புகள் தொங்கும், அவற்றையும் எண்ணினால் கணக்கு குளறும்.

கால் ஏராளமாக இருந்தால் ஒரு வளையத்தை மட்டும் பாருங்கள். வளையத்துக்கு ஒரு ஜோடி என்றால் பூரான். பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடி என்றால் மரவட்டை.

எண்ணும்போது ஏமாற்றும் இரண்டு: சில வண்ணத்துப்பூச்சிகள் நான்கு காலில் நிற்பதுபோல் தெரியும். முன்னங்கால் ஜோடி சுருங்கி மார்போடு ஒட்டியிருக்கும். கம்பளிப்புழுவுக்குப் பதினாறு வரைகூட எண்ணுவீர்கள். முன்பக்கம் கூர்மையாக உள்ள மூன்று ஜோடிதான் உண்மையான கால். பின்னால் இருப்பவை சதைப்பற்றான பொய்க்கால்கள், அது வண்ணத்துப்பூச்சியோ அந்துப்பூச்சியோ ஆகும்போது போய்விடும்.

கால் இல்லாதவற்றை வேகமாகக் கடக்கலாம். மெத்தென்ற உடம்பு, பெரும்பாலும் ஓட்டோடு: மெல்லுடலி. நத்தை, சிப்பி இரண்டும் இங்கே, ஓட்டை உள்ளே ஒளித்துக்கொண்ட கணவாயும் இங்கே. உடம்பெல்லாம் வளையம்: மண்புழு, இரத்தம் உறிஞ்சும் அட்டை. இவை வளைதசைப்புழுக்கள். ஐந்து பக்கம் விரிந்த நட்சத்திர மீனும் முள் உருண்டையான கடல்முள்ளெலியும் முட்தோலிகள். ஜெல்லிமீனும் பவளமும் குழியுடலிகள். கடற்பஞ்சு துளையுடலி. தட்டைப்புழு, உருளைப்புழு பெயரிலேயே சொல்லிவிடும். எட்டு வயதுக்குக் கீழே என்றால் பூச்சி, சிலந்தி, நண்டு, நத்தை, மண்புழு ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது தேடுவது: நத்தையும் மரவட்டையும் மழை விட்ட பிறகு, அந்துப்பூச்சி இரவில் விளக்கடியில், பறவைகளுக்கு அதிகாலை. பூரான், தேள் இரண்டையும் படத்தில் மட்டும். தவளையைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், அதன் தோல் உலர்ந்த கையைத் தாங்காது. டப்பாவில் எதையும் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காமல், எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

5. பெயரை நம்பாதீர்கள்

இதற்கு ஒரு நாள் முழுசாக ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் அதிகம் சிரித்த நாள் அதுதான். நம் முன்னோர் விலங்குக்குப் பெயர் வைத்தது பார்த்த சாயலை வைத்து. சாயல் வேறு, சொந்தம் வேறு.

'பூச்சி' என்ற சொல்லில் தொடங்குங்கள். எட்டுக்கால் பூச்சி பூச்சி அல்ல. நாக்குப்பூச்சி பூச்சி அல்ல, புழு. கரப்பான்பூச்சி பூச்சிதான். மின்மினிப்பூச்சியும் பூச்சிதான், வண்டு வகை. 'புழு' அதைவிடக் குழப்பம். மண்புழு கடைசி வரை புழு, கம்பளிப்புழுவோ ஒரு பூச்சியின் குழந்தைப் பருவம். இரண்டையும் ஒரே குவியலில் வைப்பது கோழியையும் பாம்பையும் சேர்த்து வைப்பதைவிடப் பெரிய தவறு. கோழிக்கும் பாம்புக்கும் முதுகெலும்பாவது பொது.

'மீன்' என்று முடிவதில் நட்சத்திர மீன், ஜெல்லிமீன், இறால் மீன், கணவாய் மீன் எதுவுமே மீன் அல்ல. 'மீன்' என்ற சொல்லே இல்லாத கடல்குதிரையும் விலாங்கும் அசல் மீன்.

முள்ளம்பன்றி பன்றி அல்ல, எலி, அணில் சேர்ந்த கொறிணிக் கூட்டம். சரி, அப்படியானால் முள்ளெலி எலிதானே? அதுதான் இல்லை. முள்ளெலி கொறிணியே அல்ல, மூஞ்சூறுக்குப் பக்கத்துச் சொந்தம். அந்த மூஞ்சூறும் எலி அல்ல. இதைச் சொன்னபோது என் மகள் இரண்டு அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு, "பேரை மாத்தி வச்சிருந்தாலே பாதி சரியாயிருக்குமே" என்றாள்.

கழுதைப்புலி கழுதையும் அல்ல, புலியும் அல்ல, பார்க்க நாய் மாதிரி. தனிக் குடும்பம். சொந்தம் பார்த்தால் நாயைவிடக் கீரிக்கும் பூனைக்கும்தான் பக்கம். நீர்நாய் நாய்க் குடும்பம் அல்ல, மரநாயும் நாய்க் குடும்பம் அல்ல. நீர்யானைக்கு யானையோடு ஒட்டு உறவில்லை. இன்று உயிரோடு இருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் திமிங்கிலக் கூட்டம். யானையின் சொந்தத்தைத் தேடினால் கடலுக்குள் கடல்பசு நிற்கிறது. நிலத்தில் நிற்பதற்குக் கடலில் சொந்தம், பெயரில் யானை உள்ளதற்கு யானை சொந்தமில்லை. முதல் நாள் சொன்ன பஸ் உதாரணத்தை இங்கே மறுபடி எடுங்கள்.

6. இப்போது ஏழு படிகள்

நான் முதலில் செய்து கெடுத்ததை இங்கே செய்யுங்கள். இரண்டு நாள் போதும், ஏனென்றால் கூட்டம் சேர்க்கத் தெரிந்த பிள்ளைக்குப் படிகள் என்பது பெரிய டப்பாவுக்குள் சின்ன டப்பா, அவ்வளவுதான்.

உருப்போடுவதற்குப் பதில் இரண்டு விலங்கைக் கொடுத்து, எந்தப் படியில் பிரிகிறார்கள் என்று கேளுங்கள். புலியை நடுவில் வையுங்கள். புலியும் சிங்கமும் பேரினம் வரை ஒன்றாக வந்து சிற்றினத்தில்தான் பிரிகின்றன. புலியின் அறிவியல் பெயர் பாந்தெரா டைக்ரிஸ், சிங்கம் பாந்தெரா லியோ. முதல் சொல் பேரினம், இரண்டும் சேர்ந்தால்தான் சிற்றினத்தின் பெயர். புலியும் வீட்டுப் பூனையும் குடும்பம் வரை ஒன்று, பேரினத்தில் பிரிகின்றன, பூனை ஃபெலிஸ். புலியும் நாயும் வரிசை வரை. புலியும் நாமும் வகுப்பு வரை, பாலூட்டி என்பதோடு நம் கூட்டு முடிகிறது. புலியும் தவளையும் தொகுதி வரை. புலியும் எறும்பும் உலகத்தில் மட்டும் ஒன்று. ஆறு ஜோடி, ஏழு படியும் மனதில் நின்றுவிடும்.

சொற்களில் ஒரு எச்சரிக்கை. சில புத்தகங்களில் 'வரிசை' இருக்கும், சிலவற்றில் 'துறை'. சிற்றினத்தைச் சிலர் 'இனம்' என்று மட்டும் எழுதுவார்கள். 'இருவாழ்வி', 'நீர்நில வாழ்வன' இரண்டும் ஒன்றே. எது சரி என்று வாதாடாதீர்கள். பிள்ளையின் பாடப்புத்தகத்தில் உள்ள சொல்லை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டு, அதையே கடைசி வரை பயன்படுத்துங்கள். இதைச் செய்யாமல் ஒரு வாரம் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லி, இருப்பது ஏழு படியா எட்டா என்று அவளை நான் குழப்பியிருக்கிறேன்.

7. கேள்வி மரம்: பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்க்க

எட்டு அட்டையைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளால் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரிக்க வேண்டும். முதுகெலும்பு உண்டா? ஆம் என்றால் வலது பக்கம், இல்லை என்றால் இடது பக்கம், இப்படி ஒரு தாளில் கிளை கிளையாக வரையட்டும். எட்டு அட்டைக்கு ஏழு கேள்வி போதும். அதற்கு மேல் வந்தால் ஏதோ ஒரு கேள்வி எதையும் பிரிக்காமல் நிற்கிறது.

'பெரிசா?', 'அழகா இருக்குமா?' போன்ற கேள்விகள் வரும். அவற்றை நீங்களாக நீக்காமல், அந்த மரத்தை விலங்கு வகைப்பாடே தெரியாத வேறொருவரிடம் கொடுத்து, ஒரு அட்டையை அதன் இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அவர் 'பெரிசா?' என்ற இடத்தில் நின்று "எதைவிட?" என்று கேட்பார். பிள்ளை தானே அந்தக் கேள்வியை அடித்துவிட்டு வேறு எழுதும்.

8. எங்கும் சேராத அட்டைகள்

எப்படியும் சில அட்டைகள் மிஞ்சும். இவற்றுக்கு ஒரு உறை வைத்துக்கொள்ளுங்கள், மேலே ஒரு கேள்விக்குறி. பெரியவர்கள் உடனே ஒரு பதிலைச் சொல்லி முடித்துவிடப் பார்ப்போம், எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு, சிலந்தி விஷயத்தில் அதுதான் காலை வாரியது. தேடிப் பார்த்து உறுதியான பிறகு உறையிலிருந்து எடுத்தால் போதும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் உறையில் நீங்களே போட வேண்டிய இரண்டு உண்டு. ஒன்று, கறையான். எறும்பு மாதிரி கூட்டமாக வாழ்கிறது, ஆனால் சொந்தம் கரப்பான்பூச்சியோடு. இன்னொன்று, முதலை. பல்லி, பாம்பு, ஆமையோடு ஊர்வன என்று வைத்திருப்போம். தேர்வில் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் உயிரோடு இருப்பவற்றில் முதலைக்கு மிக நெருங்கிய சொந்தம் பல்லி அல்ல, பறவைகள். சொந்தப்படி பார்த்தால் பறவைகளையும் ஊர்வனவின் ஒரு கிளையாகத்தான் இன்றைய ஆய்வாளர்கள் வைக்கிறார்கள். இதைத் தேர்வு முடிந்த மறுநாள் சொல்லுங்கள், முந்தின நாள் வேண்டாம்.

என் மகளின் உறையில் இப்போது ஒரே ஒரு அட்டைதான் இருக்கிறது. பிளாட்டிபஸ். அது பாலூட்டி என்று அவளுக்குத் தெரியும், ஏன் என்ற பத்தியிலும் 'பால், முடி' என்று சரியாக எழுதியிருக்கிறாள். ஆனாலும் பாலூட்டிக் குவியலில் வைக்க மாட்டேன் என்கிறாள். "அதுக்குத் தனியா ஒரு இடம் வேணும்மா" என்பது அவள் வாதம். முட்டையிடும் பாலூட்டிகளுக்கென்று பாலூட்டிகளுக்குள்ளேயே தனிக் கூட்டம் உண்டு, அதில் இன்று பிளாட்டிபஸோடு சேர்த்து ஐந்தே இனங்கள்தான் என்று அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருக்கிறேன்.